சுண்ணாம்பு வேலைக்கு மாற நினைக்கும் கொத்தனார், வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் கொத்தனார். செங்கல் கட்டு, சிமென்ட் பூச்சு இரண்டிலும் நல்ல அனுபவம் உண்டு. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் வேலைக்கு மாறப் போன வருடத்திலிருந்து முயல்கிறேன், நுழைய முடியவில்லை. ஒப்பந்ததாரர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பாரம்பரியக் கட்டடத்தில் ஏற்கெனவே வேலை செய்திருக்கிறீர்களா?" வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்!

சுண்ணாம்புப் பூச்சில் குறுகிய காலப் பயிற்சி ஒன்று முடித்தேன். அப்புறம் ஒரு செங்கல் சுவரில் மாதிரி பூசினேன். ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித்தான் அது இறுகும் என்பதால் மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரச் சாக்கு கட்டி, மெதுவாகக் காயவிட்டேன். விரிசல் இல்லை. படங்களை அனுப்பினால், மாதிரிச் சுவர் கணக்கில் வராதாம். பழைய சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு செங்கல்லை அரிக்கும் என்று நேர்காணலில் விளக்கினேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். குறைந்த கூலிக்குச் சிற்றாளாக வருகிறேன் என்றும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பட்டயப் படிப்பு ஒன்றும் விசாரித்தேன். 1964 வெனிஸ் சாசனம் (பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிகள்), ஆவணப்படுத்தல், அளவு வரைபடம் எல்லாம் இருக்கிறது. கரணை பிடிக்கும் நேரம்தான் குறைவு.

இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்களிடம் ஒரே கேள்வி: முதல் வாய்ப்புக்கு எதை மதிப்பீர்கள், அந்தப் பட்டயத்தையா, மூத்த கைவினைஞர் ஒருவரிடம் உதவியாளாக இருந்ததையா?