துருக்கியில் ஒரு வருடம் மொழி வகுப்பு, நான் சுத்த சைவம்: சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஏற்காட்டுப்பொண்ணு:
வணக்கம். சொந்த ஊர் ஏற்காடு, இப்போது சேலத்தில் டிகிரி கடைசி வருடம். எம்.ஏ. படிக்க துருக்கி அரசின் உதவித்தொகைக்கு (துர்க்கியே புர்ஸ்லாரி) விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். கிடைத்தால் முதல் வருடம் முழுக்க துருக்கி மொழி வகுப்புதானாம். அதைக்கூடச் சமாளித்துவிடுவேன், சாப்பாடுதான் உதைக்கிறது. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. ஐந்து ரோட்டில் ஷவர்மா கடையைத் தாண்டும்போதெல்லாம் அம்மா "அங்க போனா மூணு வேளையும் இதுதான்டி" என்று ஆரம்பித்துவிடுகிறார். அப்பாவுக்கோ இந்த மொழியை வைத்துக்கொண்டு என்ன பண்ணப்போகிறாய் என்று கவலை. அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

அஸ்தம்பட்டி அண்ணன்:
அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லும்மா, அங்கே சாதாரண ஜனங்கள் தினமும் டோனர் (நம்ம ஊர் ஷவர்மா மாதிரி) சாப்பிடுவதில்லை. கடைக்காரர்களும் வேலையாட்களும் மத்தியானம் போவது எஸ்னாஃப் லோகாந்தா என்ற சின்னக் கடைகளுக்கு, நம்ம ஊர் மெஸ் மாதிரிதான். கண்ணாடிக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டுகளில் ஆவி பறக்க எல்லாம் வரிசையாக இருக்கும், கரண்டியோடு ஒருவர் நிற்பார், எது வேண்டுமோ அதைக் கையைக் காட்டினால் போதும். பன்னிரண்டு மணிக்குப் போனால் எல்லாம் இருக்கும், மூன்று மணிக்குப் போனால் மிச்சம் மீதிதான். ரொட்டிக்குப் பெரும்பாலும் தனிக் காசு கிடையாது. பருப்பு சூப் (மெர்ஜிமெக்) எல்லா இடத்திலும் உண்டு, எலுமிச்சை பிழிந்து குடித்தால் அருமையாக இருக்கும். ஆனால் ஜாக்கிரதை, சில கடைகளில் அதை எலும்புச் சாற்றில் வைப்பார்கள். குரு ஃபசுல்யே என்ற வெள்ளை பீன்ஸ் குழம்பிலும் கறித்துண்டு கிடக்கலாம். "எத்சிஸ் மி?" (கறி இல்லாததா?) என்று கேட்டுவிட்டு, "எத் சுயு வார் மி?" (கறிச்சாறு இருக்கா?) என்றும் கேள். இரண்டாவதைக் கேட்காமல் முதல் கேள்வியோடு நிறுத்தாதே. ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துக் கொடுக்கும் காய்கறிகளுக்கு ஸெய்தின்யாலி என்று பெயர், கத்தரிக்காய், பீன்ஸ் எல்லாம் வரும், உனக்கு அதுதான் தோது. குடிக்க அய்ரான், உப்புப் போட்ட மோர். ஊறுகாய்ப் பொடியெல்லாம் கட்டாயம் எடுத்துக்கொண்டு போ, ஒரு மாதத்தில் நாக்கு கேட்கும்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:
தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மொழியும் அந்தக் கடைகளில்தான் வரும். இஸ்தான்புல்லில் சுற்றுலாப் பயணிகள் குவியும் சுல்தான்அஹ்மத் பக்கம் தங்கினால் நீ துருக்கி மொழியில் வாயைத் திறப்பதற்குள் எதிரே இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். ஊர் மாற்ற முடிந்தால் அங்காரா நல்லது. அங்காரா பல்கலைக்கழகத்தின் மொழி மையமான தோமர் 1984-லிருந்து வெளிநாட்டவருக்குத் துருக்கி சொல்லிக்கொடுக்கிறது. இலக்கணம் நமக்குப் பெரிய பாரம் இல்லை, வினை கடைசியில்தான், தமிழ் மாதிரியே சொல்லின் கடைசியில் ஒட்டுக்கு மேல் ஒட்டு (விகுதி) சேரும், ஆண்பால் பெண்பால் பிரிவே இல்லை. உயிரெழுத்துக்கு ஏற்றபடி ஒட்டு மாறுவது மட்டும் கொஞ்ச நாள் படுத்தும் (வீடுகள் என்றால் எவ்லெர், ஆனால் பள்ளிகள் என்றால் ஒகுல்லார்). கஷ்டம் எல்லாம் காதில்தான். வகுப்பில் புரிந்த வாக்கியம் பஸ் டிரைவர் வாயில் வந்தால் ஒன்றும் புரியாது. துருக்கி மொழியிலேயே எம்.ஏ. என்றால் பொதுவாக சி1 என்ற உயர்நிலைத் தேர்ச்சி வேண்டும், ஒரு வருடத்தில் அது சும்மா வராது.

வாய்க்கா வரப்பு:
எல்லாரும் சாப்பாட்டையே பேசுகிறீர்கள். அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. துருக்கி மட்டும் தெரிந்தால் இங்கே வேலை கிடைப்பது கஷ்டம், கூடவே ஏற்றுமதி, சட்டம், வரலாறு ஏதாவது ஒன்று வேண்டும். அப்புறம் 2025 மே மாதம் டெல்லியில் ஜே.என்.யூ., ஜாமியா மில்லியா எல்லாம் துருக்கிப் பல்கலைக்கழகங்களோடு போட்டிருந்த ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தன, மறந்துவிடாதீர்கள். உதவித்தொகைக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிப்பது வேறு வழி, ஆனால் நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏற்காட்டுப்பொண்ணு:
நன்றி அண்ணா, அக்கா. அப்பாவுக்கு வாய்க்கா வரப்பு எழுதியதைக் காட்டினேன், "இவருக்குத்தான் விவரம் இருக்கு" என்றார். கடைசியாக ஒன்று, எங்கள் வீட்டில் காப்பித் தோட்டம், அங்கே காப்பி எப்படி?

அஸ்தம்பட்டி அண்ணன்:
ஏமாந்துபோவாய். நாள் முழுக்க டீதான், கருங்கடல் பக்கம் ரிசேயில் விளைவது, இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாஸில், பால் கிடையாது. காப்பி சின்னக் கோப்பையில் அடியில் வண்டலோடு வரும், சர்க்கரை எவ்வளவு என்று முன்னாடியே சொல்லிவிட வேண்டும். டிகாக்‌ஷன் காப்பி வேண்டுமென்றால் பில்டரையும் பெட்டியில் வை. விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி, பிப்ரவரியில் திறக்கும், எம்.ஏ.வுக்கு 30 வயதுக்குள் இருக்கவேண்டும். பரிந்துரைக் கடிதத்துக்கு இப்போதே உன் வாத்தியாரைப் பிடி.