புதுப்பிப்பு: தாத்தாவின் பாரிஸ் ரீட் ஆர்மோனியம் என்ன விலைக்குப் போனது

முத்தியால்பேட்டை வீட்டில் இருந்த பாரிஸ் ரீட் ஆர்மோனியத்தை (ஒலி எழுப்பும் உலோக நாக்குகள் பாரிஸில் செய்தவை) விற்க வேண்டும், இணைய ஏலத்தில் லட்சக்கணக்கில் விலை போட்டிருக்கிறார்களே, எதை நம்புவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பெட்டி விற்றுவிட்டது.

கைகொடுத்தது, "கேட்கிற விலையை விடுங்க, விற்று முடிந்த விலையைப் பாருங்க" என்ற யோசனைதான். ஈபே ஏலத் தளத்தில் விற்பனை முடிந்தவற்றை மட்டும் தனியே வடிகட்டலாம். லட்சம் கேட்டவை விற்காமலே கிடந்தன. முடிந்தவை அதில் சிறு பங்குக்குத்தான். ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெட்டிகள்கூட வேறு வேறு விலைக்குப் போயிருந்தன. இருவர் விடாமல் மோதினால் ஏறுகிறது, ஒருவர்தான் என்றால் ஆரம்ப விலையோடு சரி. அந்த ஏறிய விலையைத்தான் மற்ற விற்பனையாளர்கள் பார்த்துத் தங்கள் பெட்டிக்கும் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்பாராதது சட்டம். 100 ஆண்டு கடந்த, வரலாற்று முக்கியத்துவமுள்ள பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வரும். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. எங்கள் பெட்டியில் ஆண்டு எதுவும் இல்லை, அதனால் வெளிநாட்டு ஏலத்தையே விட்டுவிட்டேன். அப்புறம், கட்டைகளில் தந்தம் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தந்த வியாபாரத்துக்கு இங்கே தடை. ஈபேயும் 2009 முதல் அனுமதிப்பதில்லை. எங்களுடையதில் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பஜனைக் குழு வாசித்துப் பார்த்து 24,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. துருத்தி மாற்றும் செலவு அவர்களுடையது.