மறு: சீரோசர்வே, சீரோபிரிவலன்ஸ் – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு நோய்க்கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் (antibody) எத்தனை பேர் குருதியில் இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் ஆய்வு சீரோசர்வே; அப்படி இருப்போரின் விழுக்காடு சீரோபிரிவலன்ஸ். இவற்றுக்கு இங்கே முன்வைத்த தமிழ்ச்சொற்களுக்கு என் மறுமொழி இது.

> "கடந்த தொற்றறி சோதனை" என்று வைத்துக்கொள்ளலாமே. கேட்டவுடன் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். இந்தச் சோதனை தொற்றைப் பார்ப்பதில்லை; உடல் செய்து வைத்திருக்கும் எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறது. அது தடுப்பூசியாலும் உண்டாகும். 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்திய நான்காவது நாடளாவிய ஆய்வில் 67.6 விழுக்காட்டினரிடம் கொரோனா எதிர்ப்பொருள் இருந்தது. "மூன்றில் இரண்டு பேருக்குக் கொரோனா வந்துபோயிற்று" என்று அதைப் படித்தவர்கள் பலர். அதற்குள் பலர் ஊசி போட்டிருந்தார்களே!

பிரித்தறிய வழி உண்டு. கோவிஷீல்டு வைரஸின் முள்புரதத்தை மட்டுமே உடலுக்குக் காட்டுகிறது. ஆகவே அதைப் போட்டவரிடம் வைரஸின் உட்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால், அது தொற்றால் வந்தது எனலாம். கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ். அங்கே இந்தக் கணக்கு உதவாது. டெங்கு, சிக்கா போன்ற நெருங்கிய உறவு வைரஸ்களில் ஒன்றின் எதிர்ப்பொருள் மற்றொன்றின் சோதனையிலும் தலைகாட்டிக் குழப்பும். சோதனையே இவ்வளவு தயங்கும்போது பெயர் மட்டும் அடித்துச் சொல்லலாமா?

> மூலச்சொல்லை ஒட்டி "ஊநீர்ப் பரவல்" போதும்.

சட்டியின் பெயரால் குழம்பை அழைப்பது போல இருக்கிறது. ஊநீர் (சீரம், அதாவது குருதியின் தெளிந்த நீர்ப்பகுதி) தேடும் இடம். தேடப்படும் பொருள் அன்று. மேலும் ஊநீரை நிணநீரோடு குழப்புவோர் உண்டு; இலங்கைப் பாடநூல்களில் சீரத்துக்கு நீர்ப்பாயம் என்று வேறு சொல் இருக்கிறது.

என் பரிந்துரை: எதிர்ப்பொருட்சுவடு. முதலில் "தடம்" என்றுதான் எண்ணினேன். புணர்த்திப் பார்த்தால் "எதிர்ப்பொருட்டடம்" என்று வந்து பயமுறுத்துகிறது! சுவடு நாவுக்கு இசைகிறது, பொருளும் பொருந்துகிறது. 1918 கொள்ளைக் காய்ச்சலைச் சிறுவயதில் கடந்து வந்த 32 அமெரிக்க முதியவர்களைச் சோதித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வைரஸை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் அவர்கள் குருதியில் இருந்தது. அதைச் சுவடு என்னாமல் வேறென்ன என்பது? எல்லாச் சுவடும் அப்படி நிலைப்பதில்லை. கொரோனாவில் சிலருக்குச் சில மாதங்களிலேயே சோதனையில் தெரியாத அளவுக்குத் தேய்ந்துவிடுகிறது. தேய்வதும் சுவட்டின் இயல்புதானே.

இச்சொல் குட்டியும் போடுகிறது. சீரோசர்வே: சுவடாய்வு. சீரோபிரிவலன்ஸ்: சுவட்டு விழுக்காடு. எதிர்ப்பொருள் புதிதாகத் தோன்றுவது சுவடேற்றம், மறைவது சுவடழிவு. எதிர்ப்பொருள் வகைகளான ஐஜிஎம் (IgM), ஐஜிஜி (IgG) இரண்டின் பெயரையும் தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்து நண்பர், எதிர்ப்பொருளுக்கு இலங்கையில் வழங்கும் "பிறபொருளெதிரி"யை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று தெரியும். துல்லியத்தில் அது ஒரு படி மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் "பிறபொருளெதிரிச் சுவட்டு விழுக்காடு" என்று தலைப்பிட்டால் அட்டவணையில் இடம் போதாது. சுவடாய்வு என்ற குறுஞ்சொல் இரு கரைக்கும் பொதுவாக இருக்கலாம்.

ஒரே ஓர் ஐயம். "சுவடு" என்றதும் மிகச் சிறிய அளவு என்று ஆய்வகத்தார் எண்ணிவிடுவார்களா? அத்துறையில் பணிபுரிவோர் சொல்லுங்கள். ஞாயிறு வரை பார்த்துவிட்டு விக்சனரியில் சேர்க்கிறேன்.