காவடிப் பந்தலில் அட்டர்னி பேனர்: ஊர்க்காரியமா, ஆள்பிடிப்பா?

மெர்பேங்க் மீனாட்சி:
நேற்று லெனேசியா நடேசன் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அட்டர்னி (வக்கீல்) அலுவலகம் பேர் வாங்க மூன்று வழி என்கிறார்: இணையத்தில் சட்டம் பற்றி எழுது, ரேடியோவிலும் பேப்பரிலும் பேசு, ஊர்க்காரியத்தில் முன்னால் நில். அதுவரை சரி. அப்புறம் என்ன சொல்கிறார்? "காவடிக்கு மோர்ப்பந்தல் போட்டுப் பேனர் கட்டினால் ஒரு வருட விளம்பரத்துக்குச் சமம்" என்கிறார். விரதம் இருந்து அலகு குத்தி வருகிறவர் கண்ணெதிரே "விபத்தா? எங்களைக் கூப்பிடுங்கள்" என்று போன் நம்பரோடு ஒரு பேனர்! இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் அட்டர்னி அலுவலகத்தின் முன்மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். யார் எதை நம்பி உள்ளே வருகிறார்கள் என்று பார்த்தவள்.

லெனேசியா நடேசன்:
அக்கா, அட்டர்னி விளம்பரமே செய்யக்கூடாது என்ற காலம் எப்போதோ போய்விட்டது. இன்று செய்யலாம்; ஜனங்களை ஏமாற்றக்கூடாது, அவ்வளவுதான். பேனரில் பேரும் நம்பரும் இருந்தால் அதில் என்ன பொய்?

ஃபீனிக்ஸ் வேலு:
கோயில் கமிட்டியில் இருக்கிறவன் பேசுகிறேன். காவடியன்று அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ் எல்லாம் காசு. அட்டர்னி காசு கொடுத்தார், பேனர் கட்டினோம். பேனர் வேண்டாம் என்கிறவர்கள் அந்தக் காசைக் கொடுக்கட்டும்.

மெர்பேங்க் மீனாட்சி:
வேலு தம்பி, காசு கொடுத்தவர் பேரைப் பலகையில் எழுதுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். விபத்து வழக்குக்கு ஆள் கூப்பிடுகிற வாசகம் எதற்கு? "ஜெயித்தால்தான் கட்டணம்" என்று அதில் பெரிதாகப் போடுகிறார்கள். ஜெயித்தால் எவ்வளவு என்று போடுகிறார்களா? 1997-ம் வருடச் சட்டப்படி, வழக்கமான கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது கிடைக்கிற தொகையில் 25 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக்கூடாது. இதைப் பேனரில் போடுங்கள், நானே வந்து கயிறு கட்டுகிறேன். சாலை விபத்துக்கு நஷ்டஈடு கொடுக்கிற அரசு நிதியான ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட் வழக்குக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஆள் வைத்துப் பிடிக்கிறவர்களுக்கும் இந்தப் பேனருக்கும் என்ன வித்தியாசம்?

லெனேசியா நடேசன்:
ஆஸ்பத்திரி வாசலில் கமிஷனுக்கு ஆள் வைப்பது விதிமீறல். வக்கீல்களைக் கண்காணிக்கிற லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பேனர் விதிமீறல் இல்லை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

டோங்காட் இளவழகன்:
நான் இப்போதுதான் அட்டர்னி ஆனவன். பேனரை விடுங்கள், எழுத்தைப் பற்றிப் பேசலாமா? சட்டப் பிரிவு எண்களை மூன்று பக்கத்துக்கு அடுக்கினால் இன்னொரு அட்டர்னிகூடப் படிக்க மாட்டார். 2022 ஏப்ரலில் டர்பன் பக்கம் வந்த வெள்ளத்துக்குப் பிறகு ஜனங்கள் கேட்டது என்ன? இன்சூரன்ஸ்காரர் மறுத்தால் அடுத்து யாரிடம் போவது, வாடகை வீடு இடிந்தால் வாடகை உண்டா என்பதுதான். அதற்கு நேராகப் பதில் எழுதியவரைத்தான் பேப்பர்காரர்களும் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். அப்புறம் வருடாவருடம் உயில் வாரம் வருகிறதே, அப்போது அட்டர்னிகள் சாதாரண உயிலை இலவசமாக எழுதிக் கொடுக்கிறார்கள். உண்மையான ஊர்க்காரியம் அதுதான்.

ஃபீனிக்ஸ் வேலு:
இலவசமா தம்பி? அந்த உயிலில் எக்ஸிக்யூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுகிறவராக, யார் பேரைப் போடுகிறார்கள்? ஆள் செத்த பிறகு மொத்தச் சொத்து மதிப்பில் 3.5 சதவீதம் யாருக்குப் போகிறது? அதுவும் பேனர்தான். உங்கள் பேனர் காகிதத்தில் இருக்கிறது, எங்களுடையது துணியில்.

மெர்பேங்க் மீனாட்சி:
உயில் எழுத வருகிறவர் தானாக வருகிறார். எக்ஸிக்யூட்டராக மகளையோ மகனையோ போடு என்று சொல்ல அவருக்கு வாய் இருக்கிறது. காவடி எடுத்து வருகிறவர் எதையும் கேட்டு வரவில்லை, முருகனைப் பார்க்க வருகிறார். பேனருக்குப் பதில் சொல்லுங்கள்.

லெனேசியா நடேசன்:
காந்தி செய்தது என்ன? 1894-ல் பாலசுந்தரம் என்கிற நம் தமிழ் ஒப்பந்தக் கூலி, முதலாளி அடித்துப் பல் உடைந்து அவரிடம் வந்தார். அந்த வழக்குக்குப் பிறகுதான் தோட்டக் கூலிகளிடையே காந்தி பேர் பரவியது. 1903-ல் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை, அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. ஊர்க்காரியம், பத்திரிகை, எழுத்து. நான் சொன்ன மூன்றும் அதுதானே?

மெர்பேங்க் மீனாட்சி:
காந்தியை இழுத்துவிட்டீர்கள், நல்லது. பாலசுந்தரம் பேனரைப் பார்த்தா வந்தார்? ரத்தம் வழிய வந்தவரை மாஜிஸ்டிரேட்டிடம் அழைத்துப் போய், அந்த முதலாளியிடமிருந்தே விடுவித்து வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுத்தார் காந்தி. வேலை முதலில், பேர் பிறகு. அந்தப் பத்திரிகைக்குத் தன் சேமிப்பைக் கொட்டினார், அதை வைத்து வழக்குக்கு ஆள் பிடிக்கவில்லை. நம் டர்பன் நவநீதம் பிள்ளையையே பாருங்கள். பஸ் டிரைவர் மகள், படிப்புக்கு ஊர் காசு சேர்த்துக் கொடுத்தது. எந்த அலுவலகமும் வேலை தராததால் 1967-ல் தானே அலுவலகம் திறந்தார். வெள்ளையர் அல்லாத பெண்களில் நேட்டால் மாகாணத்தில் அவர்தான் முதல். 2008-ல் ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஆனார். எந்தப் பந்தலில் பேனர் கட்டினார்?

லெனேசியா நடேசன்:
அது வேறு காலம். அன்றைக்குத் தெருவுக்கு ஓர் அட்டர்னி கிடையாது. இன்று எல்லோரும் போனில் தேடுகிறார்கள். பேர் கண்ணில் படாவிட்டால் எவ்வளவு நல்ல அட்டர்னியும் வாடகை கட்ட முடியாது. முன்மேசையில் இருந்தவருக்கு வாடகைக் கவலை தெரியாது.

மெர்பேங்க் மீனாட்சி:
சம்பளம் தாமதமான மாதங்களில் அந்தக் கவலை எனக்கும் தெரிந்தது, தம்பி. முன்மேசை என்று இளக்காரம் வேண்டாம்.

டோங்காட் இளவழகன்:
யாராவது தமிழில் எழுதினால் நன்றாக இருக்கும் என்று சொல்ல வந்தேன்.

ஃபீனிக்ஸ் வேலு:
தமிழில் எழுதினால் யார் படிப்பது? என் பிள்ளைகள் தேவாரத்தையே இங்கிலீஷ் எழுத்தில் பார்த்துத்தான் பாடுகிறார்கள். நம் இந்தியர் ரேடியோ லோட்டஸ் எஃப்எம்மில் போய்ப் பேசச் சொல்லுங்கள், பாட்டிமார் கேட்பார்கள்.

டோங்காட் இளவழகன்:
உங்கள் பிள்ளைகள் படிக்காவிட்டால் யாருமே படிக்கவில்லை என்று அர்த்தமா அண்ணே? டோங்காட்டில் எங்கள் வகுப்பில் பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள்.

ஃபீனிக்ஸ் வேலு:
டோங்காட் பெருமை ஆரம்பித்துவிட்டது.

மெர்பேங்க் மீனாட்சி:
பேச்சை மாற்றாதீர்கள் வேலு. அட்டர்னி கொடுத்த காசு அன்னதானக் கணக்கில் வந்ததா இல்லையா? போன பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேட்டவரை உட்காரச் சொன்னது உங்கள் கமிட்டி. என் தங்கை புருஷன்தான் கேட்டார், நான் மறக்கவில்லை.

ஃபீனிக்ஸ் வேலு:
அதுதானா விஷயம்! உங்கள் மச்சான் தேர்தலில் தோற்ற கோபத்துக்கு அட்டர்னி பேனரா கிடைத்தது? கணக்குப் புத்தகம் கமிட்டி அறையில் இருக்கிறது. ஞாயிறு பூஜைக்கு வந்து பாருங்கள்.

மெர்பேங்க் மீனாட்சி:
வருகிறேன். அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்த பில்லை எடுத்து வையுங்கள், பேனர் அச்சடித்த கூலியைக் கோயில் கொடுத்ததா, அட்டர்னி கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும்.