மதில் கட்டும் முன் அளப்பது யார்? (எங்கள் குடும்பக் குழுவில்)

குலசேகரம் அக்கா:
எல்லோரும் பாருங்கள். விளையின் (நம் தோட்டத்து நிலத்தின்) கீழ்ப்பக்கம் மதில் கட்ட வியாழக்கிழமை அஸ்திவாரக் குழி தோண்ட ஆள் வருகிறது. அளக்க ஒருவரைச் சொல்லியிருக்கிறோம். டேப்பும் போனில் ஒரு ஆப்பும் வைத்து ஒரு மணி நேரத்தில் கல் போட்டுத் தருவாராம், இரண்டாயிரம் ரூபாய். கீழ் வீட்டாரிடமும் சொல்ல வேண்டுமா?

நான்:
அக்கா, ஆளைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். எங்கள் மேற்கு மதில் கதை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அளக்க வந்தவர் மேட்டிலிருந்து இறக்கத்துக்கு டேப்பை மண்ணோடு மண்ணாகப் போட்டு 30 மீட்டர் இழுத்தார், அங்கேயே கல்லை நட்டார். அந்த 30 மீட்டருக்குள் 6 மீட்டர் இறக்கம் இருக்கிறது. புலப்படத்தில், அதாவது சர்வே எண்ணுக்கான அரசு வரைபடத்தில், இருப்பது மட்ட அளவு, சரிவில் இழுத்த அளவு இல்லை. கணக்குப் போட்டால் 29.4 மீட்டர்தான் வரும். மதில் எங்கள் மண்ணுக்குள்ளேயே இரண்டு அடி தள்ளி நிற்கிறது, 40 மீட்டர் நீளத்துக்கு. அரை சென்டுக்கு மேல் போய்விட்டது.

நான்:
அதைவிட வேதனை என்னவென்றால், அவர் ஒரு துண்டுக் காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

பெரிய மாமா:
மக்களே, சரிவில் டேப்பைத் தூக்கி மட்டமாகப் பிடித்து, நூலில் கட்டிய தூக்குக்குண்டை நேர்கீழே விட்டுப் படிப்படியாக இறங்க வேண்டும். நாங்கள் சர்வே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். போன் ஆப்பை நம்பி எல்லைக்கல் போடவே கூடாது. திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும், ரப்பர் மரத்தடியில் இன்னும் மோசம். அப்புறம், ஒரே ஒரு கல்லில் இருந்து அளப்பதும் தப்பு. பக்கத்துச் சர்வே எண்ணின் கற்களையும் தேடிப் பிடித்து, படத்தில் உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

தக்கலை சித்தப்பா:
அதெல்லாம் சரி அத்தான், ஆனால் சர்வேயர் எப்போது வருவார்? அவளுக்கு வியாழக்கிழமை கொத்தனார் வருகிறான். மனுக் கொடுத்துவிட்டு எத்தனை நாள் நடப்பது? அந்த அவசரத்தில்தானே எல்லோரும் வெளியாளைப் பிடிக்கிறார்கள்.

பெரிய மாமா:
இப்போது தாலுகா ஆபீசில் வரிசை நிற்க வேண்டாம். 2023 முதல் தமிழ்நிலம் இணையதளத்திலேயே அளக்க விண்ணப்பிக்கலாம், கட்டணமும் அதிலேயே கட்டலாம். அளக்கும் தேதியைச் சொல்வார்கள். அளந்த பிறகு சர்வேயரும் மனுதாரரும் கையெழுத்திட்ட படத்தை இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. நாள் ஆகும், மறுக்கவில்லை. மதில் ஒரு மாதம் பிந்தினால் ஒன்றும் ஆகாது.

டல்லாஸ் தம்பி:
இப்போதுதான் எழுந்தேன், எல்லாவற்றையும் படித்தேன். அக்கா, இங்கே வீடு வாங்கியபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். மனையின் மூலையில் புல்லை விலக்கினால் ஒரு இரும்புக் கம்பி, அதன் தலையில் சின்ன பிளாஸ்டிக் மூடி, மூடியில் அளந்த நிறுவனத்தின் பெயர். படத்தில் அளந்தவரின் முத்திரையும் உரிம எண்ணும். இங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் கொடுக்கிறது. அடிப்படைத் தேர்வு, அப்புறம் சில வருடம் உரிமம் உள்ளவரின் கீழ் வேலை, அதன் பிறகு தொழில் தேர்வு, அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு இன்னொரு தேர்வு. டெக்சாஸில் பொறியாளர்களுக்கும் நில அளவையாளர்களுக்கும் 2019 முதல் ஒரே வாரியம். அளந்ததில் தப்பு என்றால் வாரியத்தில் புகார் கொடுக்கலாம், உரிமத்தையே பறிக்க முடியும்.

நான்:
இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். நம் நாட்டில் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள வேண்டுமானால் 1972 சட்டப்படி கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆனால் நம் ஊரில் மண்ணை அளந்து எல்லை காட்ட, டேப் வைத்திருந்தால் போதும் என்ற நிலைமை. குமரியில் ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அளப்பவருக்கும் ஒரு எண், ஒரு முத்திரை, தப்புக்குப் பதில் சொல்ல ஓர் இடம் வேண்டாமா?

தக்கலை சித்தப்பா:
வெளியாட்களிலும் நன்றாக அளப்பவர்கள் உண்டு மக்கா. எல்லோரையும் ஒன்றாகச் சேர்க்காதே.

நான்:
உண்டு சித்தப்பா. நன்றாக அளப்பவருக்குத்தான் உரிமம் முதலில் உதவும். இப்போது அவரும் எங்கள் மதிலைக் கெடுத்தவரும் ஒரே கூலிக்குப் போட்டி போடுகிறார்கள்.

குலசேகரம் அக்கா:
மாமா, பாட்டி நிலம் வாங்கிய பிரமாணத்தை (பத்திரத்தை) எடுத்துப் பார்த்தேன். மலையாளத்தில் இருக்கிறது, கொல்லம் ஆண்டு 1120 (1944-45). அதில் உள்ள சர்வே எண்ணும் பட்டாவில் உள்ள எண்ணும் ஒத்து வரவில்லை.

பெரிய மாமா:
பயப்படாதே. அது திருவிதாங்கூர் காலத்துப் பழைய எண், பட்டாவில் இருப்பது பிறகு மறுபடி அளந்து கொடுத்த ரீசர்வே எண்ணாக இருக்கும். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்கு முந்தைய பிரமாணம் வைத்திருக்கிற வீடுகளில் இது சகஜம். பழைய எண்ணுக்கு நேரான புது எண்ணை வி.ஏ.ஓ. ஆபீசில் கேட்டு எழுதி வாங்கு, பிரமாணத்தின் நாலு எல்லையையும் யாரிடமாவது தமிழில் எழுதி வாங்கு. அதன் பிறகு மனுக் கொடு. கீழ் வீட்டாரிடம் இன்றே சொல், அளக்கும்போது அவர்களும் நிற்கட்டும்.

குலசேகரம் அக்கா:
சொல்லிவிட்டேன் மாமா. கீழ் வீட்டு அண்ணன் மண்வெட்டியோடு அவராகவே வந்தார், அவருக்கும் எல்லை எது என்று தெரியவில்லையாம். அயினிப் பலா மூட்டில் இரண்டு பேரும் கிளறிப் பார்த்தோம். வேருக்குள் ஒரு கல் சாய்ந்து கிடக்கிறது, தலையில் உளியால் கொத்திய அடையாளம் தெரிகிறது.

பெரிய மாமா:
அதைத் தொடாதே! நிமிர்த்தவும் வேண்டாம். படம் எடுத்துப் போடு. கொத்தனாரிடம் வியாழக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடு, நான் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.