8 ஜிபி ராமோடு 4 ஜிபி ராம் சேர்த்தால் டூயல் சேனல் செத்துப்போகுமாம்!

மதர்போர்டு மாமா:
நேற்று ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் நம் கம்ப்யூட்டர் மன்றத்துக்கு வந்து, "கம்ப்யூட்டர் பெட்டியில் 8 ஜிபி ராம் இருக்கிறது, பழைய 4 ஜிபி ஒன்று சும்மா கிடக்கிறது, சேர்த்துப் போடலாமா?" என்று கேட்டார். அதற்கு நம்ம ஜோடிராம் தம்பி கொடுத்த பதிலை அப்படியே தருகிறேன்: "போடவே போடாதீர்கள். அளவு வேறு வேறாக இருந்தால் டூயல் சேனல் ஓடாது. இருப்பதை விற்றுவிட்டு 8+8 ஜோடி வாங்குங்கள்." டூயல் சேனல் என்றால் ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவே இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் தகவல் போவது; ஒரே பாதை என்றால் சிங்கிள். அந்த மனிதர் ஒரு நன்றி போட்டுவிட்டுப் போனவர்தான், ஆளையே காணோம்.

படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மச்சான் பெட்டியில் போன தீபாவளியிலிருந்து 8+4தான் ஓடுகிறது. ஐ5-8400 பிராசஸர், பி360 மதர்போர்டு, இரண்டு ராமும் டிடிஆர்4 (நாலாம் தலைமுறை), வேகம் 2666. பெட்டிக்குள் இருப்பதைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி பக்கம் போனால், சேனல் கட்டத்தில் "டூயல்" என்று பளிச்சென்று இருக்கிறது. இன்டெல் இதற்கு ஃப்ளெக்ஸ் மெமரி என்று பெயர் வைத்தே பல வருஷம் ஆயிற்று. பெரிய ராமிலிருந்து ஒரு 4, சின்ன ராமின் 4, இரண்டும் கைகோத்து 8 ஜிபி டூயலாக ஓடும். மிச்சமுள்ள 4 தனியாக ஓடும். இதில் செத்தது எது?

ஜோடிராம்:
பெயர் சொல்லி விவாத இழை திறந்ததற்கு நன்றி மாமா. "மிச்சமுள்ள 4 தனியாக ஓடும்" என்று எழுதியது நீங்கள், நான் இல்லை. தனியாக ஓடினால் அதற்குப் பெயர் சிங்கிள். ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் ரப்பர் செருப்பும் மாட்டிக்கொண்டு "ஷூ போட்டிருக்கிறேன்" என்று கல்யாணத்துக்குப் போவீர்களா?

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2666 ராம் ஒரு சேனலில் நொடிக்கு 21.3 ஜிபி தள்ளும். இரண்டு சேனல் சேர்ந்தால் 42.6. உங்கள் மச்சான் பெட்டியில் அந்தக் கடைசி 4 ஜிபிக்குள் எது போய் உட்கார்ந்தாலும் அதற்கு 21.3தான். எது எங்கே உட்காரும் என்று போட்டோஷாப்பும் சொல்லாது, மச்சானும் சொல்ல மாட்டார்.

மதர்போர்டு மாமா:
சிபியு-இசட் டூயல் என்கிறது. ஜோடிராம் இல்லை என்கிறார். சபையோர் முடிவு செய்யட்டும்.

இரவுக்கழுகு:
அந்த ஜெராக்ஸ் கடைக்கு டூயல் எதற்கு ப்ரோ? உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை வைத்து கேம் ஆடுபவனுக்குத்தான் அது முக்கியம். என்னுடையது ரைசன் 5 2400ஜி பிராசஸர். அதிலிருக்கும் வேகா கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமில்தான் ஒண்டுக்குடித்தனம். ஒற்றை 8 ஜிபியோடு வாங்கியபோது கேம் எல்லாம் ஸ்லைடு ஷோவாக ஓடியது. இன்னொரு 8 போட்ட பிறகுதான் உயிர் வந்தது.

ஜெராக்ஸ் கடையில் நடப்பது வேறு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு ஒரு போட்டோஷாப், ஆன்லைன் விண்ணப்பத்துக்குப் பத்து டேப். 8 ஜிபி நிறைந்து, விண்டோஸ் ஹார்டு டிஸ்கைச் சுரண்ட ஆரம்பிக்கும். ஹார்டு டிஸ்க் நொடிக்கு 150 எம்பி கொடுத்தாலே பெரிய விஷயம். சிங்கிள் சேனல் ராம்கூட அதைப்போல நூறு மடங்குக்கு மேல். எந்த 4 ஜிபி கிடைத்தாலும் அவருக்கு லாபம்.

மதர்போர்டு மாமா:
அதேதான். நான் சொன்னதைத்தான் கழுகு சொல்கிறார்.

ஜோடிராம்:
எங்கே சொன்னார்? அவர் போட்டது 8+8. ஜோடி. என் பெயரைப் பாருங்கள்.

புதுப்பெட்டி:
அண்ணா, வணக்கம். என்னிடம் ஐ3-10100, எச்410 போர்டு, ராம் சொருக இரண்டே ஸ்லாட். 8 ஜிபி 2666 இருக்கிறது. 16 ஜிபி 3200 ஒன்று வாங்கிச் சேர்க்கலாமா? வேகமும் வேறாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

தமிழ்த்தட்டச்சன்:
நண்பர்களே, ஒரு சின்ன வேண்டுகோள். ராம் என்பதை நினைவகம் என்றும் டூயல் சேனல் என்பதை இரட்டைத்தடம் என்றும் எழுதிப் பாருங்கள், சண்டை பாதி குறையும். இருவரும் எதை "இரட்டை" என்கிறீர்கள்? தடம் இரண்டும் திறந்திருப்பதையா, முழுக் கொள்ளளவும் இரண்டு தடத்திலும் சமமாகப் பரவியிருப்பதையா? முதலாவது என்றால் மாமா சொல்வது பொருந்தும். இரண்டாவது என்றால் ஜோடிராம் சொல்வது பொருந்தும்.

மதர்போர்டு மாமா:
ஐயா, சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் "இரட்டைத்தட நினைவகம் இருக்கிறதா" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். இரட்டைக்கோடு நோட்டா, சின்னதா பெரியதா என்று திருப்பிக் கேட்பான்.

தமிழ்த்தட்டச்சன்:
கடைக்காரர் சிரிப்பார் என்பதற்காக மொழியை விட்டுக்கொடுக்க முடியாது. பேருந்து என்று சொன்னபோதும் சிரித்தார்கள்.

இரவுக்கழுகு:
பஸ் என்றால் ராம் பஸ் ஸ்பீடா, 21ஜி பஸ்ஸா? ஐயாவை இழுக்காதீர்கள் ப்ரோ, அப்புறம் இழை எழுபது பக்கம் போகும்.

ஜோடிராம்:
மொழிச் சண்டையில் விஷயத்தை நழுவ விடாதீர்கள் மாமா. இன்டெல் டேட்டாஷீட் எடுத்துப் படித்தேன். அதில் மெமரி முறைகள் மூன்று. சிங்கிள் சேனல். ஃப்ளெக்ஸ். டூயல் சேனல் சிமெட்ரிக், அதாவது இரண்டு சேனலிலும் சம அளவு. மூன்றும் தனித்தனித் தலைப்பு. ஃப்ளெக்ஸ் என்பது டூயல் என்றால், இன்டெல்காரன் வேலையில்லாமல் மூன்றாவது தலைப்பு போட்டானா?

மதர்போர்டு மாமா:
முழுத் தலைப்பையும் வாய்விட்டுப் படியுங்கள் தம்பி. "டூயல் சேனல் மோட்", அதற்குப் பிறகு ஒரு கோடு, அதற்குப் பிறகுதான் "ஃப்ளெக்ஸ் மெமரி டெக்னாலஜி மோட்". முதல் சொல் என்ன? டூயல். அதே பக்கத்தில் சி ஸோன், பி ஸோன் என்று இரண்டு பகுதி சொல்லியிருக்கிறது. சி ஸோன் ஒவ்வொரு சேனலிலும் அடி முகவரியிலிருந்து தொடங்கும், அது டூயல். அதற்கு மேலே மிஞ்சியிருப்பது பி. நீங்கள் பி-யைப் பிடித்துக்கொண்டு சி-யைக் கொல்கிறீர்கள்.

ஜோடிராம்:
பி ஸோன் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டீர்கள். போதும்.

மதர்போர்டு மாமா:
முதல் பதிவிலேயே ஒத்துக்கொண்டேனே! "மிச்சமுள்ள 4 தனியாக ஓடும்" என்று எழுதியது யார்? நான் கேட்பது ஒரே கேள்வி. சிபியு-இசட் என்ன சொல்கிறது? டூயல் என்று சொல்கிறதா இல்லையா?

நெல்லை சர்வீஸ்:
அண்ணாச்சி ரெண்டு பேருக்கும் வணக்கம். 15 வருஷமாகப் பெட்டி திறந்து மூடுகிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். ஜோடிராம் சார், உங்களுக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது? நீங்களே 8+4 போட்டுப் பார்த்தீர்களா?

ஜோடிராம்:
பார்க்காமல் சொல்வேனா? ஐ5-4460, பி85 போர்டு, டிடிஆர்3 1600. 8 ஜிபியோடு 4 ஜிபி போட்டேன். சிபியு-இசட் "சிங்கிள்" என்று காட்டியது. மாமாவின் தெய்வம் சிபியு-இசட்தானே, அதுவே சொன்னது. போதாதற்கு இரண்டே நாளில் விண்டோஸ் முடங்கி நீலத்திரை. 4 ஜிபியைக் கழற்றினேன், நின்றுவிட்டது.

நெல்லை சர்வீஸ்:
போர்டில் எத்தனை ஸ்லாட்? எந்த இரண்டில் சொருகினீர்கள்?

ஜோடிராம்:
நான்கு. முதல் இரண்டில்.

நெல்லை சர்வீஸ்:
அதுதான் சார். பிராசஸர் பக்கத்திலிருந்து பார்த்தால் முதல் இரண்டும் பெரும்பாலான போர்டில் ஒரே சேனல், ஏ1 ஏ2. அடுத்த இரண்டும் பி சேனல். இரண்டு ராம் இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று போட வேண்டும், அனேகமாக இரண்டாவதிலும் நாலாவதிலும். பக்கத்துப் பக்கத்தில் சொருகினால் 8+8 போட்டிருந்தாலும் சிங்கிள்தான் காட்டும்.

நீலத்திரை வேறு கதை. அந்த 4 ஜிபியை மட்டும் தனியாகப் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினீர்களா? பழைய ராம் என்றால் ஸ்லாட்டில் இறங்கும் அதன் பின்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தாலே பாதி நேரம் சரியாகிவிடும். போன வாரம்கூட ஒரு பெட்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டே வந்தது, மூன்று ரூபாய் ரப்பரில் முடிந்தது. அளவு வித்தியாசத்தால் நீலத்திரை வந்து நான் பார்த்ததில்லை. கெட்டுப்போன ராமால் தினமும் பார்க்கிறேன்.

மதர்போர்டு மாமா:
ஹா! முதல் இரண்டில்! சபையோர் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சேனலில் இரண்டையும் திணித்துவிட்டு டூயல் சேனல் செத்துவிட்டது என்று ஊரெல்லாம் ஒப்பாரி.

ஜோடிராம்:
நான்கு ஸ்லாட்டும் கறுப்பு நிறம் மாமா. நிறம் மாற்றி வைத்திருந்தால் தெரிந்திருக்கும். மேனுவல் வரவில்லை, செகண்ட் ஹேண்ட் போர்டு. அதுவும் தவிர, சரியான ஸ்லாட்டில் போட்டிருந்தாலும் கடைசி 4 சிங்கிள்தானே? என் கூற்றில் என்ன தப்பு?

4 ஜிபியைத் தனியாகச் சோதிக்கவில்லை. கழற்றியதும் நின்றுவிட்டது, அப்புறம் எதற்குச் சோதனை?

புதுப்பெட்டி:
அண்ணா, யாரும் பதில் சொல்லாததால் 16 ஜிபி 3200 வாங்கிப் போட்டுவிட்டேன். 24 ஜிபி காட்டுகிறது, ஓடுகிறது. ஆனால் சிபியு-இசட்டில் வேகம் 1333 என்று இருக்கிறது. 3200 கேட்டு வாங்கினேன். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ரிச்சி ரசிகன்:
ஏமாற்றியேவிட்டான். எனக்கும் இப்படித்தான் ஒரு கடையில் 2666 என்று சொல்லி 1333 கொடுத்தான். போய்ச் சண்டை போட்டேன். அவன் சிரிக்கிறான்.

மதர்போர்டு மாமா:
சிரிக்காமல் என்ன செய்வான்? டிடிஆர் என்றாலே டபுள் டேட்டா ரேட். ஒரு துடிப்பில் இரண்டு முறை தகவல் போகும். சிபியு-இசட் காட்டுவது துடிப்பை. 1333-ஐ இரண்டால் பெருக்குங்கள், 2666. இப்படி ஒரு பாவப்பட்ட கடைக்காரனோடு சண்டை போட்டதை வெளியே வேறு சொல்கிறீர்கள்.

புதுப்பெட்டி தம்பி, வேகம் வேறு வேறாக இருந்தால் எல்லாமே குறைந்த வேகத்துக்கு இறங்கும். உங்கள் ஐ3-10100-உம் எச்410-உம் எப்படியும் 2666-க்கு மேல் போகாது. ராம் மேல் தப்பில்லை. 8-உம் 8-உம் சேர்ந்து 16 ஜிபி டூயல், மிச்சம் 8 தனி.

ரிச்சி ரசிகன்:
பெட்டியில் 2666 மெகாஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருந்தான். துடிப்பு 1333 மெகாஹெர்ட்ஸ் என்றால் பெட்டியில் எழுதியது பொய்தானே?

மதர்போர்டு மாமா:
எம்டி/எஸ் (நொடிக்கு எத்தனை மில்லியன் முறை தகவல் போகிறது) என்று போட வேண்டியதை மெகாஹெர்ட்ஸ் என்று போடுகிறார்கள். அது உலக வழக்கம். கடைக்காரன் என்ன செய்வான்?

ஜோடிராம்:
இதைத்தான் மாமா நானும் சொல்கிறேன். பெட்டியில் எழுதியிருப்பதும் திரையில் எழுதியிருப்பதும் எப்போதும் உண்மை இல்லை. நெல்லை சார் சொன்னதற்காகப் பழைய பெட்டியைத் திறந்து, இரண்டாவதிலும் நாலாவதிலும் மாற்றிப் போட்டேன். சிபியு-இசட்டில் டூயல் என்று எழுதியிருக்கிறது. எழுதினால் ஆயிற்றா? எங்கள் தெருவில் ஆறடிக்கு ஆறடி பெட்டிக்கடை ஒன்றில்கூட "சூப்பர் மார்க்கெட்" என்று பலகை தொங்குகிறது.

மதர்போர்டு மாமா:
டூயல் என்று வந்துவிட்டது. வந்துவிட்டது! இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன்...

ஜோடிராம்:
சொல்லுங்கள். "450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, தைரியமாகப் போடுங்கள்" என்று ஒருவருக்குப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் ஒன்றைச் சிபாரிசு செய்தீர்களே, அதே தைரியத்தோடு சொல்லுங்கள். அந்த மனிதர் பெட்டியில் புகை வந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கும் ஸ்டிக்கரை நம்பினீர்கள், இன்றைக்கும் ஸ்டிக்கரை நம்புகிறீர்கள்.

மதர்போர்டு மாமா:
அந்த வீட்டில் எர்த்தே கிடையாது! அதை அப்போதே எழுதினேன். பக்கம் மூன்றில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்பவர்கள் முதலில் வீட்டு வயரிங்கைப் பார்க்க வேண்டும்.

நெல்லை சர்வீஸ்:
எர்த் இல்லாததால் புகை வராது அண்ணாச்சி. ஷாக்தான் அடிக்கும்.

மதர்போர்டு மாமா:
நீங்களுமா?

ஜெராக்ஸ் கடை:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று கேட்டது நான்தான். கடையில் கூட்டம், இப்போதுதான் நேரம் கிடைத்தது. மாமா சொன்னதைப் படித்துவிட்டு அந்த 4 ஜிபியைப் போடப் பார்த்தேன். உள்ளேயே இறங்கவில்லை. நடுவில் இருக்கும் வெட்டு ஸ்லாட்டோடு பொருந்தவில்லை. அழுத்தப் பயமாக இருந்தது, எடுத்துவிட்டேன். ராமின் மேல் டிடிஆர்3 என்று இருக்கிறது. பெட்டியில் இருக்கும் 8 ஜிபி டிடிஆர்4.

இரவுக்கழுகு:
240 பின் டிடிஆர்3 ராமை 288 பின் டிடிஆர்4 ஸ்லாட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார். நல்லவேளை அழுத்தவில்லை.

ஜோடிராம்:
போடவே போடாதீர்கள் என்று முதல் நாளே சொன்னேன். இப்போது யார் சொன்னது சரி?

மதர்போர்டு மாமா:
நீங்கள் சொன்ன காரணம் அளவு. இது தலைமுறை வித்தியாசம். அந்த 4 ஜிபி மட்டும் டிடிஆர்4-ஆக இருந்திருந்தால், இந்நேரம் அவர் கடையில் டூயல்.

ஜோடிராம்:
பாதி டூயல்.