இளம் கௌடா சீஸுடன் மது இல்லாமல் என்ன குடிக்கக் கொடுக்கலாம்?

வணக்கம். நெதர்லாந்தில் உட்ரெக்ட்டில் இருக்கிறோம். வரும் சனிக்கிழமை மாலை 8 பேர் வீட்டுக்கு வருகிறார்கள், அதில் 4 பேர் மது தொடமாட்டார்கள். சந்தையில் இளம் கௌடா, 4 வாரம் பழுத்தது, ஒன்றேகால் கிலோ வாங்கிவிட்டேன். சைவக்காரர்களும் உண்டு என்பதால் கன்றுக்குட்டி ரென்னெட் (பாலை உறையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள்) சேராததாகக் கேட்டு வாங்கினேன். பால் மணம் மாறாத சாதுவான சீஸ். எதை வைத்தாலும் அதன் ருசி அமுங்கிப்போகிறது, அதுதான் சிக்கல்.

இரண்டு முறை வைத்துப் பார்த்தாயிற்று. முதல் நாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெட்டினேன். ரப்பர் மாதிரி, ருசியே இல்லை. மறுநாள் துண்டு துண்டாக வெட்டி 2 மணி நேரம் வெளியே வைத்தேன். மேலே எண்ணெய் முத்து முத்தாக வேர்த்து, ஓரமெல்லாம் காய்ந்து விறைத்துவிட்டது. வெட்டாமல், மூடி, முக்கால் மணி நேரம் வெளியே வைப்பதுதான் சரி என்று தெரிந்துகொண்டேன்.

கடுகு விழுது, பேரிக்காய், ரை ரொட்டி மூன்றும் அருமையாகச் சேர்ந்தன. மாங்காய் ஊறுகாய் வேண்டவே வேண்டாம். மது குடிப்பவர்களுக்கு லாகர் பீர் போதும். காட்டமான சிவப்பு ஒயினில் கசப்புதான் மிஞ்சியது.

மற்றவர்களுக்குத்தான் வழி தெரியவில்லை. இஞ்சி டீயில் காரம் மட்டுமே நிற்கிறது. ஆரஞ்சு ஜூஸ் புளிப்பு தூக்குகிறது. பாட்டில் ஆப்பிள் ஜூஸ் ஒரே தித்திப்பு.

அதிகம் இனிக்காமல், சீஸின் பால் ருசியை மறைக்காமல், குளிரக் கொடுக்கக்கூடிய மதுவில்லாத பானம் எது?